கம்மல் எழுதிய முப்பத்தோரு நோட்டுகள்

நாமக்கல் வட்டாரத்தில் மனிதர்களுக்கு ஆதார் அட்டை வருவதற்குப் பல வருடம் முன்பே மாடுகளுக்கெல்லாம் ஆதார் போட்டு முடித்த ஒரே ஆள் எங்கள் கம்மல்தான். கைரேகை கிடையாது, கருவிழி கிடையாது, ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ கிடையாது. மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், முடிந்தது. ஒரு தடவை பார்த்த மாட்டை எட்டு வருடம் கழித்துச் சந்தைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும், “இது மோகனூர் ரோட்டுல பம்புசெட்டு ஊட்டு மாடுங்களே, இங்க எப்பிடி வந்துச்சு?” என்று கேட்பார்.

அவர் வேலை பார்த்தது ஓர் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில். நானும் அங்கேதான் நிர்வாக அதிகாரியாகக் குப்பை கொட்டினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கட்டும். லாரி, போர் போடும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை என்று இந்தப் பக்கத்தில் ஓடுவது, துளைப்பது, கூவுவது எல்லாவற்றையும் இன்சூர் செய்வோம். மாட்டையும் செய்வோம். இன்சூர் செய்த மாட்டின் காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் குத்த வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது கம்மல். குத்துகிறவர் கம்மல்காரர். அதையும் சுருக்கிக் கம்மல் ஆக்கிவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மாட்டு முகம் மறக்காத அந்த மனுஷனுக்கு மனித முகம் ஒன்றுகூட நினைவில் நிற்காது. கவுண்டரில் ஒருவர் வந்து நிற்பார். “ஏனுங்க, என்னயத் தெரியுதுங்களா?” கம்மல் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். “தெரியலீங்களே.” “போன மாசங்கூட வந்தனுங்களே!” “அப்பிடிங்களா? ஞாவகமில்லீங்க.” வந்தவர் சலித்துப்போய், “என்ற ஊட்டுல நெத்திச்சுட்டி செவலை ஒண்ணு நிக்குதுங்களே…” என்று ஆரம்பித்தால் போதும், கம்மல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். “அட, நீங்களா! அதுக்கு வாய்ப்புண்ணு ஆறிப்போச்சுங்களா? உள்ள வாங்க, உக்காருங்க, டீ சொல்லட்டுங்களா?” தன் மகள் கல்யாணத்தில் சம்பந்தியையே யாரென்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்த ஆள் அவர். நல்லவேளை, சம்பந்தி வீட்டில் ஒரு காரிப் பசு இருந்தது. உறவு தப்பித்தது.

நான் தம்மம்பட்டிக்காரன். மாற்றலாகி அந்த அலுவலகத்துக்குப் போன முதல் நாள், மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கை கொடுத்தார்கள். கம்மல் மட்டும் கை கொடுக்காமல் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நெத்தியில தழும்பு ஒண்ணு. எடது காதுல மச்சம். நடை சித்தே சாய்வு” என்று சொல்லிவிட்டு மேலாளரைப் பார்த்து, “பாஞ்சு வராது, உதைக்காது. சாதுங்க சார். தாராளமா வச்சுக்கலாம்” என்றார்.

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்சூர் செய்த மாடு செத்தால், கம்மலோடு சேர்த்து அதன் காதை அறுத்துக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அருவருப்பாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் விதி அது. கம்மல் இல்லையேல் கிளெய்ம் இல்லை. ஒரு சனிக்கிழமை வந்த காதை, டாக்டர் சர்டிபிகேட் திங்கட்கிழமைதான் வரும் என்பதால், கம்மல் பாலிதீன் பையில் போட்டு அலுவலக ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். அந்த ஃபிரிட்ஜில்தான் மேலாளர் தன் தயிர்ச்சாத டப்பாவை வைப்பார். திங்கட்கிழமை மதியம் ஒரு அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேலாளர் சுவரோடு ஒட்டி நிற்கிறார், ஃபிரிட்ஜ் திறந்து கிடக்கிறது. கம்மல் நிதானமாகப் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், இந்தக் காது அந்த மாட்டோடது இல்லீங்க.”

“யோவ், மொதல்ல அத வெளிய எடுத்துட்டுப் போய்யா!”

“இல்லீங்க சார், நீங்களே பாருங்க. அந்த மாட்டுக்குக் காது ஓரத்துல நறுக்கு ஒண்ணு உண்டு. இதுல இல்ல. கம்மலக் கழட்டி வேற காதுல மாட்டியிருக்காங்க.”

கிளெய்ம் போட்டவர் ஒரு பெரிய பண்ணைக்காரர், நாலு இடத்தில் செல்வாக்குள்ளவர். மேலாளர் தயங்கினார். கம்மல் விடவில்லை. மேலாளரையும் என்னையும் அலுவலக ஜீப்பில் ஏற்றிப் பண்ணைக்கே கூட்டிப்போனார். செத்துப்போனதாகச் சொன்ன மாடு கொட்டகைக் கோடியில் நின்று தீவனம் தின்றுகொண்டிருந்தது. கம்மல் நாக்கை ஒரு மாதிரி மடித்து ஒலி எழுப்பினார். அது திரும்பிப் பார்த்தது. காதோரத்தில் நறுக்கு. நிறுவனத்துக்கு அவர் மிச்சப்படுத்திக் கொடுத்தது கொஞ்சமல்ல. அதற்கு மண்டல அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்தது ஒரு மெமோ. முன் அனுமதி இல்லாமல் அலுவலக வாகனத்தை எடுத்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துத் தன் மொபெட்டின் பெட்ரோல் மூடி ஆடாமல் இருக்க அடியில் வைத்துக்கொண்டார்.

இத்தனையையும் மண்டைக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்காதீர்கள். முப்பத்தோரு நீள நோட்டு வைத்திருந்தார். பிரவுன் அட்டை போட்டது. ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். மேலே மாட்டு முகத்தின் படம். சிந்து மாடா நாட்டு மாடா, எத்தனை பல், கொம்பு எப்படி, வால் குஞ்சம் வெள்ளையா கறுப்பா, உடம்பில் எங்கெங்கே மயிர்ச்சுழி இருக்கிறது என்று எல்லாம் இருக்கும். கம்மல் அறுந்து வேறு கம்மல் போட்டிருந்தால் பழைய எண், புதிய எண், தேதி, மாட்டுக்காரர் கையெழுத்து, கால்நடை டாக்டர் கையெழுத்து. கடைசியில் குணம் ஒரு வரி: பாயும், பாயாது, உதைக்கும், உதைக்காது.

ஒரே ஒரு சங்கடம். அகர வரிசை கிடையாது, எண் வரிசை கிடையாது. நோட்டு முழுக்க அவருடைய மொபெட் போகிற பாதையின் வரிசைதான். ஜேடர்பாளையத்துப் பக்கம் ஒரு மாட்டைத் தேட வேண்டுமானால், பரமத்தியில் மொபெட் ஏறி, வாய்க்கால் பாலம் தாண்டி, இடது பக்கம் மூன்றாவது வீட்டில் இறங்கி, மனதுக்குள்ளேயே தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அவர் அரை நிமிடத்தில் போய்விடுவார். நான் ஒரு தடவை முயன்று வாய்க்காலிலேயே மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. தலைமை அலுவலகம் பெரிய செலவில் ஒரு மென்பொருள் வாங்கி எங்கள் தலையில் கட்டியது. லாரி இன்சூரன்சுக்காக எழுதியதை மாட்டுக்கும் சேர்த்து நீட்டிவிட்டிருந்தார்கள். பாலிசி போடலாம், தடையில்லை. ஆனால் கம்மல் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் திருத்தப் பக்கத்தில் ‘இன்ஜின் எண்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அது நகராது.

“சார், மாட்டுக்கு இன்ஜின் நம்பர் கேக்குதுங்க” என்றார் கம்மல்.

“பூஜ்யம் போடுங்க.”

“போட்டனுங்க. ‘தவறான எண், வண்டியை நேரில் கொண்டுவரவும்’ங்குதுங்க.”

மண்டல அலுவலகத்துக்கு எழுதினோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கம்மல் மாற்றிய மாடுகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போக முடியாமல் வாசலில் வரிசை கட்டி நின்றன. “பரவாயில்லீங்க, நோட்டுல இருக்குது” என்று கம்மல் சொல்லுவார். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்தது. அறிவு மேலாண்மை! ஊழியர்கள் ரிட்டயர் ஆகும்போது அவர்கள் அனுபவமும் கூடவே வீட்டுக்குப் போய்விடுகிறதாம், அதைத் தடுத்து நிறுத்தி ஒரு இணையதளத்தில் ஏற்ற வேண்டுமாம். ஒவ்வொரு அலுவலகமும் நாற்பது ‘அறிவுத் துளி’ ஏற்ற வேண்டும். அதற்கு ஓர் அறிவு ஒருங்கிணைப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். யார் சும்மா இருக்கிறார்கள் என்று மேலாளர் சுற்றிப் பார்த்தார். நான் அகப்பட்டேன்.

இதற்கென்று பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். நாமக்கல் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்த தைரியசாலி. ரிட்டயராக ஆறு மாதம் இருந்த கம்மலை உட்கார வைத்து லேப்டாப்பைத் திறந்தார்.

“சார், உங்க மைண்டுல இருக்கற நாலெட்ஜ் எல்லாத்தையும் நாங்க எடுத்துக்கப் போறோம்.”

“எடுத்துக்குங்க. திருப்பித் தருவீங்களா?”

ஆலோசகர் சிரிக்கவில்லை. “மாட்டை அடையாளம் காண நீங்க ஃபாலோ பண்ற முதல் ஸ்டெப் என்ன?”

கம்மல் யோசித்தார். “மொதல்ல தண்ணி கேக்கோணுமுங்க.”

“மாட்டுக்கா?”

“எனக்குங்க. ஊட்டுக்குப் போனதும் குடிக்கத் தண்ணி கேக்கோணும். கட்டில்ல உக்காந்துட்டு எல்லாந் தெரிஞ்ச மாதிரிப் பேசறாரு பாருங்க, அவர உட்றோணும். தண்ணி எடுத்துட்டு வாராங்களே, அவிகதான் மாட்டுக்கும் தண்ணி காட்டறவிக. மாட்டப் பத்தி அவிககிட்டத்தான் கேக்கோணும்.”

முப்பது வருடம் அதிகாரியாக இருந்த எனக்கு இது தெரியாது. மெய்யாகவே அசந்துபோனேன். ஆலோசகர், “இது எந்த கேட்டகிரில வரும்?” என்று கேட்டார். இணையதளத்தில் வாகனம், தீ, கப்பல், இதர என்று நாலு பிரிவு. மாடு ‘இதர’வில் போனது. நிறத்துக்குக் கறுப்பு, வெள்ளை, பிரவுன் என்று மூன்றே மூன்று. மயிலை, பில்லை, செவலை எல்லாம் எங்கே போடுவது என்று கம்மல் கேட்டார். பிரவுனில் போடச் சொன்னார் ஆலோசகர். சுழிக்குக் கட்டமே இல்லை. கம்மல் எழுந்து, “அப்பிடீன்னா இது வேற மாடுங்க” என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மிச்சத்தை நான்தான் செய்தேன். தண்ணீர் விஷயத்தை எடுத்து, ‘வாடிக்கையாளர் இல்லத்தில் தகவல் ஆதாரங்களைக் கண்டறிதல்’ என்று தலைப்புப் போட்டு, தண்ணீரை எடுத்துவிட்டு, அதைக் கொண்டுவரும் பெண்களையும் எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி ஏற்றினேன். மண்டல அளவில் மூன்றாம் பரிசு! சென்னையில் ஏசி ஹோட்டலில் விழா நடத்தி, சால்வை போட்டு, கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். எல்லாம் என் பெயரில். திரும்பி வந்து மேஜையில் வைத்தேன். கம்மல் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நெம்ப நல்லாருக்குதுங்க சார்” என்று மனசாரச் சொன்னார். அந்த மனுஷனுக்குப் பொறாமைப்படவும் தெரியவில்லை. அது உன்னுடையதய்யா என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

பரிசு வாங்கிய அலுவலகம் சுத்தமாக இருக்க வேண்டாமா? அடுத்ததாகக் ‘காகிதமில்லா அலுவலகம்’ வாரம் வந்தது. கோப்பு எண் இருந்தால் வைத்துக்கொள், எண் இல்லாவிட்டால் அழித்துவிடு, அழித்ததற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பு என்று உத்தரவு. கம்மலின் முப்பத்தோரு நோட்டுக்கும் எண் இல்லை. அவர் தன் காசில் வாங்கி எழுதியவை. என்ன செய்யட்டும் என்று மண்டல அலுவலகத்தைப் போனில் கேட்டேன்.

“அதுல இருக்கற விஷயம் போர்ட்டல்ல ஏத்தியாச்சா?”

“கொஞ்சம் ஏத்தியிருக்கு சார்.”

“அப்புறம் என்ன? நீங்கதானே பிரைஸ் வாங்கினீங்க?”

கம்மல் அப்போது கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆபரேஷன் ஆன ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். கேட்டால் வேண்டாம் என்பார், வாரம் முடிவதற்குள் போட்டோ போக வேண்டும், அதுதான் காரணம். ‘பயனற்ற காகிதம், முப்பத்தோரு உருப்படி, என் முன்னிலையில் அழிக்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டேன். பழைய பேப்பர் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. நாமக்கல்லில் பழைய பேப்பர் வேறெங்கும் போகாது. ஊற வைத்துக் கூழாக்கி, முட்டை அடுக்குகிற முட்டை அட்டை செய்துவிடுவார்கள்.

கம்மல் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். காலி அலமாரிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“சொல்லியிருந்தீங்கன்னா நானே கட்டிக் குடுத்திருப்பனுங்களே சார்” என்றார். “கவுறு போட்டுக் கட்டினாங்களா, சும்மா வாரிப் போட்டாங்களா?”

வாரித்தான் போட்டார்கள். கட்டினார்கள் என்று சொன்னேன்.

அடுத்த வாரமே பாவாயி வந்து நின்றாள். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை, நிலம் இல்லை, சிந்து மாடு ஒன்றுதான். அதன் பாலை சொசைட்டிக்கு ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது. அந்த மாடு செத்துப்போய்விட்டது. கிளெய்ம் வந்தால் இன்னொரு மாடு பிடிப்பாள். வராவிட்டால் செங்கல் சூளைக்குப் போக வேண்டும். காது, கம்மல், டாக்டர் சர்டிபிகேட், எல்லாம் கச்சிதமாகக் கொண்டுவந்திருந்தாள். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினேன். பாலிசியில் வேறு எண் இருந்தது.

“அது வேலியில ஒரசிப் பழைய கம்மல் அந்துபோச்சுங்க சார், நாந்தான் புதுசு போட்டேன்” என்றார் கம்மல். “நோட்டுல…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நோட்டில் இருந்தது. இரண்டு எண்ணும், அவள் கையெழுத்தும், டாக்டர் கையெழுத்தும். டாக்டரைப் போய்க் கேட்டோம். “ஒரு நாளைக்கு முப்பது மாடு பாக்கறேன் சார், எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?” என்றார். நியாயம்தான்.

கம்மல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் பேப்பர்த் தூசியோடு வந்து, ஈரத்தில் ஊதிப்போன ஒரு நோட்டை என் மேஜையில் வைத்தார். முட்டை அட்டை மில்லில் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தேடியிருக்கிறார். ஆபரேஷன் செய்த கண்ணோடு. முப்பது நோட்டு கூழாகிவிட்டன, ஒன்றுதான் தப்பியது. அது ஜேடர்பாளையம் நோட்டு.

“கும்பிடற சாமி கைவிடலீங்க” என்று கம்மல் குழந்தை மாதிரிச் சிரித்தார். பாவாயியின் மாடு பக்கத்தில் இருந்தது. இடது கண்ணுக்கு மேலே ரெட்டைச் சுழி. பழைய எண், புதிய எண், கையெழுத்துகள். எதுவும் அழியவில்லை.

நகலெடுத்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் அதிசய வேகத்தில் வந்தது. ‘மேற்படி நோட்டு தங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டதாகத் தங்கள் சான்று எங்களிடம் உள்ளது. அழிக்கப்பட்ட நோட்டிலிருந்து பக்கம் எப்படி வந்தது? சான்று தவறா, நோட்டு போலியா என்பதை உடனே தெரிவிக்கவும்.’

நான் எழுத வேண்டியது ஒரே வரி. சான்று தவறு, நோட்டு உண்மை. அவ்வளவுதான். எழுதினால் எனக்கு மெமோ வரும், அடுத்த மாதம் இருந்த பதவி உயர்வு நேர்காணல் போகும். தலை போகாது, வேலை போகாது. இரண்டு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்மல் எதிரே வந்து உட்காருவார், எழுந்து போவார். மூன்றாம் நாள், ‘நோட்டின் நம்பகத்தன்மையை உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் கையெழுத்திட்டுப் பாவாயியிடம் கொடுத்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏனுங்க சாமி, மாடு இருந்துச்சுங்கறீங்க. கம்மல் நீங்க போட்டதுங்கறீங்க. நோட்டும் இருக்குது. பொறகு என்னதானுங்க இல்ல?”

கம்மல்தான் எழுந்து, “உடு பாவாயி, சாருக்குக் கையக் கட்டிப் போட்டிருக்காங்க. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என் கையை யாரும் கட்டவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் கம்மல் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, மிக்சர் கொடுத்து, ‘அவருடைய அனுபவம் நம் இணையதளத்தில் என்றும் வாழும்’ என்று மேலாளர் பேசினார். நானும் கை தட்டினேன். கம்மல் ஈரம் காய்ந்த அந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “போயிட்டு வாரனுங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சேலத்துக்குப் போனேன். அங்கிருந்தே ரிட்டயரும் ஆனேன். இடையில் ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? அவருக்குத்தான் முகம் நினைவிருக்காதே, போயிருக்கலாம்.

போன தை மாதம் அவர் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. போனேன். தெரு கொள்ளாத கூட்டம். எல்லாம் மாட்டுக்காரர்கள். எத்தனையோ முறை கவுண்டரில் பார்த்தவர்கள்தான், ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, “சாமி, நாந்தானுங்க பாவாயி” என்றாள். செத்தேன் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

“ரிட்டயரான வாரமே சிந்து மாடு ஒண்ணப் புடிச்சுட்டு வந்து என்ற கொட்டாயில கட்டிட்டுப் போய்ட்டாருங்க. வேண்டாமுங்கண்ணான்னு அழுதேன், கேக்கலீங்க. இதுக்குக் கம்மல் போடலீங்களான்னேன். ‘இதுக்கு எதுக்குப் பாவாயி, நமக்குத்தான் அடையாளந் தெரியுமே’ன்னாரு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது கம்மலின் மனைவி உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். “ஆபீஸ் நோட்டு, ஆபீஸ்ல ஒப்படைக்கோணும்னு சொல்லீட்டே இருந்தாருங்க. நீங்களே சேத்திருங்க.”

ஆபீஸ் நோட்டாம்! அவர் காசில் வாங்கியது, நான் அழித்தது, அவர் மீட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் மாடு இல்லை. எங்கள் அலுவலகம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு முகப்படம், கீழே இரண்டு வரி. எனக்கும் ஒன்று. நெற்றித் தழும்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார். ‘எடது காதில் மச்சம். பாயாது, உதைக்காது. பயந்த சுபாவம். நல்ல பிராணி. யாராவது முன்னால் நடந்தால் கூடவே வரும்.’ ஈரம் காய்ந்து சுருங்கின தாளின் மேல் மை ஓடியிருந்த விதத்தைப் பார்த்தால், நான் அந்தக் கடிதம் எழுதிய பிறகு எழுதியது. அந்த ‘நல்ல பிராணி’யைப் படித்ததும் பஸ் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

மறுநாள் காலையில் அந்த ஒரு வரியை எழுதினேன். என் சான்று தவறு, நோட்டு உண்மை, பாவாயியின் கிளெய்மை மறுபடி பரிசீலிக்கவும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். பென்ஷனில் கை வைத்தால் வைக்கட்டும் என்று துணிந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘பழைய ஆவணங்கள் தொடர்பான விவரங்களுக்குத் தங்கள் பகுதி அறிவு ஒருங்கிணைப்பு அலுவலரை அணுகவும்’ என்று போட்டு, கீழே அந்த அலுவலரின் பெயரையும் கொடுத்திருந்தார்கள். என் பெயர்தான். ரிட்டயராகி இரண்டு வருடமாகியும் இணையதளத்தில் நான் இன்னும் பணியில் இருக்கிறேன்.

விடுவதாக இல்லை. மறுபடி எழுதியிருக்கிறேன், அதற்கும் பதில் வராவிட்டால் நேரில் போவேன். பாவாயியையும் கூட்டிக்கொண்டு போவேன். நேற்று அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ‘உதைக்காது’ என்பதை அடித்துவிட்டு ‘இப்போது கொஞ்சம் உதைக்கும்’ என்று திருத்தலாமா என்று பேனாவைக்கூட எடுத்தேன். கை வரவில்லை, மூடி வைத்துவிட்டேன். அவர் கையால் எழுதினது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.